ஆரம்ப நிலை இரைப்பைப் புற்று: மெத்திலேற்றத்தை அளப்பதா, மரபணு வெளிப்பாட்டை அளப்பதா?

இரைப்பைப் புற்றுநோயை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கையில் சில பத்து மாதிரிகள் இருக்கும். பணம் ஒரு பெரிய சோதனைக்கு மட்டுமே போதும். டி.என்.ஏ.வை எடுத்து மெத்திலேற்றத்தைப் பார்ப்பதா, ஆர்.என்.ஏ.வை எடுத்து மரபணு வெளிப்பாட்டைப் பார்ப்பதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா? "இரண்டையும் செய்து ஒப்பிட்டுப் பார்" என்பது வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆரம்ப நிலைப் புற்றைப் பொறுத்தவரை, நம் மருத்துவமனைகளில் கிடைக்கும் மாதிரிகளை வைத்துப் பார்த்தால், பெரும்பாலான கேள்விகளுக்கு மெத்திலேற்றமே நல்ல தேர்வு. அதிலும் லட்சக்கணக்கான இடங்களை அளப்பதைவிட, கவனமாகத் தேர்ந்தெடுத்த சில மரபணுக்களை நிறைய மாதிரிகளில் அளப்பது நல்லது. இந்தப் பதில் மாற வேண்டிய இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

ஆரம்ப நிலை இரைப்பைப் புற்று என்பதற்கான வரையறை 1962இல் ஜப்பானில் வகுக்கப்பட்டது. புற்று சளிச்சவ்விலோ அதற்கு அடுத்த அடுக்கான அடிச்சளிச்சவ்விலோ மட்டும் இருந்தால் அது ஆரம்ப நிலை. நிணநீர் முடிச்சுக்குப் போயிருக்கிறதா என்பது இந்த வரையறையில் வராது. இந்தக் கட்டத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை செய்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் 5 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். முற்றிய நிலையில் வருபவர்களின் நிலைமை இதற்கு நேர் எதிர். இந்த இடைவெளிதான் இந்த ஆய்வையெல்லாம் அர்த்தமுள்ளதாக்குகிறது.

சரி, இரண்டு அளவீடுகளும் எதைச் சொல்கின்றன?

டி.என்.ஏ.வில் சைட்டோசினுக்கு அடுத்து குவானின் வரும் இடங்களை சி.பி.ஜி. என்கிறோம். மனித மரபுத்தொகையில் இப்படி ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம் இடங்கள் உள்ளன. அந்தச் சைட்டோசினில் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிக்கொள்வதுதான் மெத்திலேற்றம். ஒரு மரபணுவின் தொடக்கத்தில் உள்ள ப்ரமோட்டர் பகுதியில் இது அடர்த்தியாக ஏறினால், அந்த மரபணு பூட்டப்பட்ட நிலைக்குப் போய்விடுகிறது. செல் பிரியும்போது இந்தக் குறியும் நகலெடுக்கப்பட்டு மகள் செல்களுக்குப் போகிறது. மரபணு வெளிப்பாடு அப்படியல்ல. அந்த நேரத்தில் அந்தச் செல்லில் எந்த மரபணுவிலிருந்து எவ்வளவு ஆர்.என்.ஏ. உருவாகியிருக்கிறது என்பதுதான் அது. வெள்ளம் வடிந்த பிறகும் சுவரில் நிற்கும் கறை மெத்திலேற்றம் என்றால், இப்போது தெருவில் ஓடும் தண்ணீரின் மட்டம் மரபணு வெளிப்பாடு. முன்னது நடந்து முடிந்ததைச் சொல்லும், பின்னது நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும். எது வேண்டும் என்பது நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது.

இரைப்பையில் நடந்து முடிந்ததைத் தெரிந்துகொள்வது ஏன் இவ்வளவு முக்கியம்? இந்தப் புற்று திடீரென்று முளைப்பதில்லை. பெலாயோ கொர்ரேயா விவரித்த பாதையில், நாள்பட்ட அழற்சி, சளிச்சவ்வு மெலிதல், குடல் செல்களைப் போல இரைப்பைச் செல்கள் மாறுதல், செல் ஒழுங்குக் குலைவு, பிறகு புற்று என்று பல பத்தாண்டுகளில் படிப்படியாக வருகிறது. முதல் தள்ளு ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியிடமிருந்து. 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகுப்புப் புற்றுக் காரணியாக அறிவித்தது. இந்தக் கிருமி தொற்றிய இரைப்பையில் மெத்திலேற்றம் என்ன ஆகிறது என்பதை டோக்கியோவில் உள்ள தேசியப் புற்றுநோய் மையத்தில் தோஷிகாசு உஷிஜிமாவின் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 2006இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 154 ஆரோக்கியமானவர்களையும் 72 இரைப்பைப் புற்றுநோயாளிகளையும் ஒப்பிட்டார்கள். ஆரோக்கியமானவர்களுக்குள்ளேயே, தொற்று உள்ளவர்களிடம் மெத்திலேற்றம் தொற்றில்லாதவர்களைவிட 5.4 மடங்கு முதல் 303 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். இப்போது தொற்று இல்லாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், புற்றுநோயாளிகளின் புற்றில்லாத சளிச்சவ்வில் மெத்திலேற்றம் 2.2 முதல் 32 மடங்கு அதிகம். கிருமி போன பிறகும் குறி நிற்கிறது என்பதற்கு இது பெரிய சான்று.

கிருமி நேரடியாக இதைச் செய்கிறதா, அது கிளப்பும் அழற்சி செய்கிறதா என்ற கேள்விக்கும் அதே குழு 2010இல் விடை தேடியது. மங்கோலிய ஜெர்பில் எலிகளுக்குத் தொற்றை உண்டாக்கி, சைக்ளோஸ்போரின் மருந்தால் அழற்சியை அடக்கினார்கள். கிருமி இரைப்பையில் அப்படியே இருந்தது. ஆனால் மெத்திலேற்றம் தடைபட்டது. குற்றவாளி அழற்சி என்று தெரிந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இது. கேள்வி எவ்வளவு கூர்மையாக இருந்ததோ, விடையும் அவ்வளவு தெளிவாக வந்தது.

இந்த அறிவு நோயாளிக்குப் பயன்படுமா என்பதையும் அவர்களே சோதித்தார்கள். ஆரம்ப நிலைப் புற்றை எண்டோஸ்கோப்பி மூலம் அகற்றிய 826 பேரைப் பல மருத்துவமனைகளில் சேர்த்து, புற்று இல்லாத இடத்திலிருந்து பயாப்ஸி எடுத்து, மிர்-124ஏ-3, ஈஎம்எக்ஸ்1, என்கேஎக்ஸ்6-1 என்ற மூன்று இடங்களில் மெத்திலேற்றத்தை அளந்தார்கள். பிறகு ஆண்டுதோறும் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தார்கள். மிர்-124ஏ-3 மெத்திலேற்றம் மிக அதிகமாக இருந்த கால் பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்த கால் பங்கினரைவிட இரைப்பையின் வேறொரு இடத்தில் புதிய புற்று வரும் அபாயம் சுமார் 2.3 மடங்கு. இது 2015இல் வெளிவந்தது. மூன்றே மூன்று இடங்களை அளந்து, வருங்காலத்தைப் பற்றி ஒரு பயனுள்ள செய்தியைச் சொல்ல முடிந்திருக்கிறது.

இதே வேலையை மரபணு வெளிப்பாடு செய்யுமா? கடினம். கிருமிக்கு மருந்து கொடுத்த சில மாதங்களில் அழற்சி மரபணுக்களின் வெளிப்பாடு வெகுவாக இறங்கிவிடும். நோயாளி அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால் அமிலச் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான கேஸ்ட்ரின் ஏறும். பயாப்ஸி எடுத்த பிறகு குழாய் எவ்வளவு நேரம் மேசையில் இருந்தது என்பதும்கூட ஆர்.என்.ஏ.வில் தெரியும். இருபது வருட வரலாற்றைத் தேடுகிறவருக்கு இவையெல்லாம் இரைச்சல்.

இனி மாதிரிகளுக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை இந்த முடிவைத் தீர்மானிக்கும் பெரிய விஷயம் இதுதான். ஆனால் ஆய்வுத் திட்டம் எழுதும்போது இதைத்தான் கடைசியில் யோசிக்கிறார்கள்.

ஆரம்ப நிலைப் புற்று அளவில் சிறியது. அதை இப்போது பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி வழியாகவே சளிச்சவ்வோடு சேர்த்து உரித்து எடுக்கிறார்கள். எடுத்த துண்டைப் பலகையில் விரித்து ஊசி குத்தி, ஃபார்மலினில் பதப்படுத்தி, 2 மில்லிமீட்டர் அகலக் கீற்றுகளாக வெட்டி, முழுவதையும் நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஓரம் சுத்தமாக இருக்கிறதா, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் அந்த நோயாளிக்கு அறுவை சிகிச்சை வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். அதில் ஒரு மூலையை ஆய்வுக்கென்று பச்சையாக வெட்டித் தர எந்த நோய்க்குறியியல் மருத்துவரும் சம்மதிக்க மாட்டார். சம்மதிக்கவும் கூடாது. ஆகவே ஆய்வாளருக்குக் கிடைப்பது, திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்தான்.

ஃபார்மலினில் ஊறிய ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். தரத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் ஆர்.ஐ.என். எண், பழைய பிளாக்குகளில் பெரும்பாலும் அடிமட்டத்தில்தான் இருக்கும். அதிலிருந்தும் எழுத்து வரிசையைப் படிக்க (சீக்வென்சிங்) வழிகள் உண்டு, ஆனால் செலவும் தோல்வியும் கூடும். டி.என்.ஏ.வும் ஃபார்மலினில் சிதைகிறது என்றாலும், மெத்தில் குறி அப்படியே இருக்கும். சிறிய பகுதியைப் பெருக்கி அளக்கும் முறைகளுக்குச் சிதைந்த டி.என்.ஏ. போதுமானது. பத்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த பிளாக்கைத் தேடி எடுத்து, அந்த நோயாளிக்குப் பிறகு என்ன ஆனது என்பதோடு சேர்த்துப் பார்க்க முடியும். இந்த வாய்ப்பு ஒன்றுக்காகவே மெத்திலேற்றத்தின் பக்கம் நான் சாய்கிறேன்.

நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கிய காலத்திலிருந்து நெடுங்காலம் ஆண்களிடம் முதலிடத்தில் இருந்த புற்று இரைப்பைப் புற்று. ஆனால் கொரியாவைப் போல 40 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுக்கப் பரிசோதிக்கும் திட்டம் இங்கே இல்லை. பெரும்பாலானவர்கள் சாப்பாடு இறங்காமல், எடை குறைந்து, முற்றிய நிலையில்தான் வருகிறார்கள். ஆரம்ப நிலை மாதிரி ஒரு மருத்துவமனையில் ஆண்டுக்குச் சொற்பமாகவே சேரும். புதிதாகச் சேகரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்து ஆர்.என்.ஏ. ஆய்வு செய்யலாம் என்று திட்டம் போட்டால், மாணவரின் ஆய்வுக் காலம் மாதிரி சேர்ப்பதிலேயே முடிந்துவிடும்.

மெத்திலேற்றம் என்று முடிவு செய்தால் அப்புறம் எந்த முறை? அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பைசல்பைட் சேர்த்தால் மெத்தில் ஏறாத சைட்டோசின் யுராசிலாக மாறிவிடும், ஏறியது மாறாது. 1992இல் ஆஸ்திரேலியாவில் வகுத்த இந்த வழி இன்றும் நிலைத்திருக்கிறது. அதன் மேல் 1996இல் வந்த மெத்திலேற்றம் சார்ந்த பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பல நகல்களாகப் பெருக்கும் முறை) மலிவானது. பழைய கட்டுரைகளில் ஜெல்லில் பட்டை தெரிகிறதா இல்லையா என்று பார்த்து "ஆம், இல்லை" என எழுதியிருப்பார்கள். அந்த வடிவத்தை இன்று தேர்வு செய்யாதீர்கள். தொற்று உள்ள எல்லோரிடமும் கொஞ்சமாவது மெத்திலேற்றம் இருக்கும்போது, இருக்கிறதா என்ற கேள்விக்கே பயனில்லை. எத்தனை சதவீதம் என்பதுதான் கேள்வி. நிகழ்நேர பி.சி.ஆரிலோ, எழுத்து எழுத்தாகப் படிக்கும் பைரோசீக்வென்சிங்கிலோ சதவீதம் கிடைக்கும். இரண்டில் எதுவானாலும் சரி. உங்கள் ஆய்வகத்தில் எந்தக் கருவி ஒழுங்காக ஓடுகிறதோ அதை எடுங்கள்.

அடுத்தது இல்லுமினாவின் சிப்கள். 4,50,000க்கும் மேற்பட்ட இடங்களை அளந்த பழைய சிப்புக்குப் பிறகு, 8,50,000க்கும் மேற்பட்ட இடங்களை அளக்கும் எபிக் சிப் வந்தது. புதிய குறியீடு எதுவும் கையில் இல்லாமல், எங்கே தேடுவதென்றே தெரியாதபோது இது நல்ல கருவி. ஆனால் இருபது புற்று மாதிரி, இருபது சாதாரண மாதிரி என்ற அளவில் செய்தால், லட்சக்கணக்கான இடங்களுக்கான புள்ளியியல் திருத்தத்துக்குப் பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த மரபணுக்களாக இருக்கும். எபிக் சிப் ஒன்றில் எட்டு மாதிரிகள் ஏறும். புற்று எல்லாம் ஒரு சிப்பில், சாதாரணம் எல்லாம் மற்றொன்றில் ஏற்றி, சிப்புகளுக்கிடையிலான வேறுபாட்டைப் புற்றின் வேறுபாடாக எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. கலந்து ஏற்றுங்கள்.

மரபுத்தொகை முழுவதையும் பைசல்பைட் சீக்வென்சிங் செய்வது இந்த அளவு திட்டத்துக்கு வேண்டியதில்லை.

இனி, மரபணு வெளிப்பாடு உறுதியாக வெல்லும் இடங்கள். உங்கள் கேள்வி "இந்தப் புற்றுச் செல் இப்போது என்ன செய்கிறது, எந்தச் செல்லிலிருந்து வந்தது, சுற்றியுள்ள நோயெதிர்ப்புச் செல்கள் எப்படி நடந்துகொள்கின்றன" என்பதாக இருந்தால் மெத்திலேற்றம் உதவாது. குடல்வகைச் செல்மாற்றத்தைப் பாருங்கள். சிடிஎக்ஸ்2, எம்யுசி2 போன்ற குடல் மரபணுக்கள் எழுவதும், எம்யுசி5ஏசி போன்ற இரைப்பை மரபணு தணிவதும் ஆர்.என்.ஏ.வில் பளிச்சென்று தெரியும். 2019இல் சீன ஆய்வாளர்கள் இரைப்பை அழற்சி, செல்மாற்றம், ஆரம்ப நிலைப் புற்று ஆகிய கட்டங்களில் எடுத்த பயாப்ஸிகளைத் தனிச்செல் ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் செய்து, எந்தக் கட்டத்தில் எந்தச் செல்வகை தலைகாட்டுகிறது என்று வரைபடம் போட்டார்கள். குடலில் சளி சுரக்கும் கோப்பைச் செல்லாக மாறுவதற்கு முந்தைய செல்களை ஹெச்இஎஸ்6 என்ற மரபணு அடையாளம் காட்டலாம் என்று சொன்னதும் அந்த ஆய்வுதான். ஆனால் அதற்குப் பச்சையான பயாப்ஸி வேண்டும், எடுத்தவுடன் செல்களைப் பிரிக்க ஆள் வேண்டும், பெரிய நிதியும் வேண்டும். இருந்தால் தயங்காமல் செய்யுங்கள்.

மரபணு வெளிப்பாட்டைப் பார்க்க இன்னொரு எளிய வழி இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிளாக்கிலிருந்து ஒரு மெல்லிய சீவலை எடுத்து, புரதத்துக்கு நிறமேற்றிப் பார்ப்பது. இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி எல்லாப் பெரிய மருத்துவமனையிலும் நடக்கிறது. டி.என்.ஏ. பிழைதிருத்தத்துக்கு வேண்டிய எம்எல்ஹெச்1 புரதம் புற்றுச் செல்லில் இல்லை, பக்கத்துச் செல்லில் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். எந்தச் செல்லில் என்ற கேள்விக்கு, அரைத்துக் கரைத்து எடுத்த ஆர்.என்.ஏ.வோ டி.என்.ஏ.வோ பதில் சொல்லாது. மெத்திலேற்ற அளவீட்டோடு இந்த நிறமேற்றத்தைச் சேர்ப்பதுதான் நான் சொல்லும் கூட்டு. ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் செலவில் சிறு பகுதிகூட ஆகாது.

இரண்டையும் பெரிய அளவில் செய்து பொருத்திப் பார்ப்பது ஏன் ஏமாற்றும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமான கட்டுரையின் வடிவம் இதுதான்: மெத்திலேற்றம் கூடியவை ஒரு பட்டியல், வெளிப்பாடு குறைந்தவை ஒரு பட்டியல், இரண்டிலும் உள்ளவை "மெத்திலேற்றத்தால் அடங்கிய புற்றடக்கி மரபணுக்கள்". சில மரபணுக்களுக்கு இந்த வாதம் சரிதான். எம்எல்ஹெச்1 நல்ல உதாரணம். அதன் ப்ரமோட்டர் மெத்திலேறி, புரதம் மறைந்து, டி.என்.ஏ. பிழைதிருத்தம் நின்று, மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை (டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளின் நீளம் மாறுவது) வருகிறது. ஒவ்வொரு படியும் நிரூபிக்கப்பட்டது. 2014இல் அமெரிக்கப் புற்று மரபுத்தொகைத் திட்டமான டி.சி.ஜி.ஏ. கூட்டமைப்பு 295 இரைப்பைப் புற்றுகளை நான்கு வகையாகப் பிரித்தபோது இந்த வகை சுமார் 22 சதவீதமாக இருந்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ள சுமார் 9 சதவீதம் வேறொரு வகை. அவற்றில் மெத்திலேற்றம் எல்லா வகைகளையும்விடக் கடுமையாக இருந்தது, சிடிகேஎன்2ஏ என்ற புற்றடக்கி மரபணு எல்லாவற்றிலும் மெத்திலேறியிருந்தது, ஆனால் எம்எல்ஹெச்1 ஏறவில்லை.

ரன்எக்ஸ்3 கதை வேறு. இரைப்பைப் புற்றில் இந்த மரபணு மெத்திலேற்றத்தாலும் ஒரு பிரதி இழப்பாலும் அடங்கிப்போகிறது, இது ஒரு புற்றடக்கி என்று 2002இல் யோஷியாகி இட்டோவின் குழு அறிவித்தது. அதன் பின் உலகெங்கும் ரன்எக்ஸ்3 மெத்திலேற்றத்தை அளந்து கட்டுரைகள் குவிந்தன. 2011இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் அடிப்படையையே கேள்வி கேட்டார்கள்: இயல்பான இரைப்பையின் உட்பரப்பை மூடும் எப்பிதீலியச் செல்லிலேயே இந்த மரபணு வெளிப்படுவதில்லை, நோயெதிர்ப்புச் செல்களில்தான் வெளிப்படுகிறது என்றார்கள். அப்படியானால் புற்றில் அது "இழக்கப்பட்டது" என்று எப்படிச் சொல்வது? இரு தரப்பும் வாதங்களை வைத்திருக்கின்றன. நான் இதில் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். அரைத்த திசுவில் மெத்திலேற்றமும் வெளிப்பாடும் எதிரெதிராக நகர்ந்தால், அது மரபணு அடங்கியதையும் காட்டலாம், செல்களின் கலவை மாறியதையும் காட்டலாம்.

இதைவிட அடிப்படையான சிக்கலும் உண்டு. எந்த ப்ரமோட்டர்கள் எளிதில் மெத்திலேறுகின்றன என்று பார்த்தால், இயல்பான செல்லில் ஏற்கெனவே வெளிப்பாடு குறைவாக இருந்தவைதான் அதிகம் மாட்டுகின்றன. தூங்கிக்கொண்டிருந்த மரபணுவின் மேல் பூட்டு விழுந்தால் வெளிப்பாட்டில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் அபாயத்தைக் காட்டும் குறியீடாக அந்த மரபணு அருமையாக வேலை செய்யும். பொருத்திப் பார்க்கும் முறை அத்தகைய குறியீடுகளை முதல் சுற்றிலேயே தூக்கி எறிந்துவிடுகிறது. அதே சமயம், மரபணுவின் உடல்பகுதியில் ஏறும் மெத்திலேற்றம் கூடுதல் வெளிப்பாட்டோடு சேர்ந்தே வருவது வழக்கம். சிப்பின் எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் மொத்தமாகத் தொடர்பு தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்.

காரண காரியம்தான் உங்கள் இலக்கு என்றால், நோயாளி மாதிரிகளை மேலும் மேலும் அளப்பதைவிட, ஏஜிஎஸ், எம்கேஎன்45 போன்ற செல் வரிசைகளில் டெசிடபைன் கொடுத்து மெத்திலை நீக்கி மரபணு திரும்ப எழுகிறதா என்று பாருங்கள். அந்த மருந்து எல்லா இடத்திலும் மெத்திலை நீக்கும். ஆகவே குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் போகும் கிரிஸ்பர் வழியில் ஒரே ப்ரமோட்டரில் மட்டும் நீக்கிப் பார்ப்பது இன்னும் உறுதி.

ரத்தப் பரிசோதனையாக்கும் எண்ணம் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. இங்கே ஆர்.என்.ஏ. பக்கம் நல்ல முன்னேற்றம் உண்டு. சிங்கப்பூரில் 12 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை அளக்கும் ரத்தப் பரிசோதனை உருவாகிப் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. மிகச் சிறிய ஆர்.என்.ஏ.வான மைக்ரோ ஆர்.என்.ஏ., புரதங்களோடு ஒட்டியும் நுண்பைகளுக்குள் அடங்கியும் இருப்பதால் சீரத்தில் சிதையாமல் நிற்கிறது. மெத்திலேற்றத்தின் பக்கம், ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வை வைத்துப் பல புற்றுகளை ஒரே நேரத்தில் தேடும் சோதனைகள் பெரிதாகப் பேசப்படுகின்றன. ஆனால் அவற்றில் முன்னணியில் உள்ள ஒன்றின் 2021 முடிவுகளில், எல்லாப் புற்றுகளையும் சேர்த்து முதல் கட்டத்தில் கண்டுபிடித்த விகிதம் 16.8 சதவீதம்தான். நான்காம் கட்டத்தில் அது 90.1 சதவீதம். சளிச்சவ்வைத் தாண்டாத சின்னக் கட்டி ரத்தத்துக்குள் டி.என்.ஏ.வைக் கொட்டுவது மிகக் குறைவு. ஆகவே ஆரம்ப நிலைக்கு மெத்திலேற்றம் நல்லது என்று நான் சொல்வது திசுவுக்குத்தான். ரத்தத்துக்கு அதை அப்படியே நீட்டிவிடாதீர்கள்.

எந்தப் பக்கம் போனாலும் ஒப்பீட்டுக்கு யாரை எடுக்கிறீர்கள் என்பதில் இந்தியாவில் கூடுதல் கவனம் வேண்டும். இங்கே பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஹெலிகோபாக்டர் தொற்று இருக்கிறது அல்லது இருந்திருக்கிறது. "சாதாரண" இரைப்பை என்று நீங்கள் எடுக்கும் மாதிரியில் மெத்திலேற்றம் ஏற்கெனவே ஏறியிருக்கும். கிருமியின் நொதியைத் தேடும் யூரியேஸ் சோதனையில் கிருமி இல்லை என்று வந்தால் அதை நம்பிவிட முடியாது. சளிச்சவ்வு மெலிந்த பிறகு கிருமி தானாகவே மறைவதுண்டு. ரத்தத்தில் எதிர்ப்பொருளையும் பார்த்து, தொற்றே வராதவர், இப்போது உள்ளவர், முன்பு இருந்தவர் என்று மூன்றாகப் பிரியுங்கள். வயதும் மெத்திலேற்றத்தைக் கூட்டும். அறுபது வயது நோயாளிக்கு முப்பது வயதுக்காரரை ஒப்பீடாக வைத்தால் நீங்கள் அளப்பது முதுமையை. புற்றுக்கு வெகு தூரத்தில், ஒரே இடத்திலிருந்து, எடுத்துக்காட்டாக இரைப்பையின் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்திலிருந்து, எல்லோரிடமும் பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்கள். இரைப்பையின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெளிப்பாட்டிலும் மெத்திலேற்றத்திலும் வேறு வேறு.

மரபணுக்களைத் தேர்ந்தெடுக்கப் பொதுவில் கிடைக்கும் டி.சி.ஜி.ஏ. தரவு உதவும். ஆனால் அதில் உள்ளவை பெரும்பாலும் முற்றிய புற்றுகள், இயல்பான இரைப்பை மாதிரிகளின் மெத்திலேற்றத் தரவு மிகச் சொற்பம். செல்மாற்றக் கட்டத்துக்கு சிங்கப்பூர் குழு 2018இல் வெளியிட்ட தரவு மேல். அங்கே புற்று இல்லாதவர்களிடமிருந்து எடுத்த 138 குடல்வகைச் செல்மாற்ற மாதிரிகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆய்வுத் திட்டத்தை எழுதத் தொடங்கும் முன் நோய்க்குறியியல் துறைக்குப் போய், கடந்த பத்து ஆண்டுகளில் சளிச்சவ்வு, அடிச்சளிச்சவ்வு அளவில் நின்ற புற்றுகள் எத்தனை பதிவாகியிருக்கின்றன, அவற்றில் எத்தனைக்குப் பிளாக் பத்திரமாக இருக்கிறது, எத்தனை நோயாளிகளின் தொடர் விவரம் கிடைக்கும் என்று கேளுங்கள். பிளாக்குகள் நாற்பதைத் தாண்டினால் பைரோசீக்வென்சிங்குக்கும் எம்எல்ஹெச்1 நிறமேற்றத்துக்கும் பட்ஜெட் போடுங்கள். பிளாக் இல்லை, ஆனால் எண்டோஸ்கோப்பி அறையில் வாரந்தோறும் பச்சை பயாப்ஸி கிடைக்கும், திரவ நைட்ரஜன் பக்கத்திலேயே இருக்கிறது என்றால், புற்றை விட்டுவிட்டுக் குடல்வகைச் செல்மாற்றத்தை எடுத்து ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் செய்யுங்கள்.